அக்காவின் கொலுசுச் சத்தம்

போன வாரம் மதுரையில், டாக்டர் ரூமுக்குள் அக்கா மகள் நாற்காலியில் ஏறி, மேஜைக்கு அடியில் புகுந்து, ஜன்னல் கம்பியில் தொங்கினாள். அவள் கொலுசுச் சத்தத்தில் டாக்டர் பேசியது எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. மீதி நேரம் மனசு எங்கள் ஊர் திருத்தங்கலுக்கு ஓடிவிட்டது. கவனம் சிதறுவதைப் பற்றித்தான் பேச்சே, அதிலும் என் லட்சணம் இது.

ரெண்டாயிரத்து ஒன்று வாக்கில் எங்கள் வீடு முழுக்கப் பசை வாசனை. அம்மா பட்டாசுக் கம்பெனியில் லோடு வாங்கி வந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுவாள். மருந்து கிடையாது, வெறும் காகிதம்தான், பயப்படாதீர்கள். கண் குழாயில், காது அக்கா கொலுசில். சத்தம் நின்றால் பதறுவாள்.

"ஏலே, ஒங்கக்கா எங்கனலே? கெணத்துப் பக்கம் போயிட்டாளா பாரு!"

தேடும் வேலை எனக்கு. பெரும்பாலும் ஏதாவது லாரி மேல் இருப்பாள்.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஒருத்தர்தான் அவளைச் சரியாகப் பிடித்தார். முன் பெஞ்சில் வைத்து, ரெண்டு கணக்கு போட்டதும், "எந்திரிச்சுப் போயி போர்டை அழி" என்பார். வந்ததும் அடுத்த ரெண்டு. அந்த வருஷம் கணக்கில் அக்காவை யாராலும் அசைக்க முடியவில்லை. அப்புறம் டீச்சருக்குக் காரியாபட்டிக்கு மாற்றல். பிறகு வந்தவர்கள் அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியே பழகினார்கள். ஒன்பதாவதில் பெயில்.

"உக்கார மாட்டேங்குறவளுக்கு என்னத்துக்குப் படிப்பு? கம்பெனிக்குப் போனா கையும் காலும் தானா அடங்கும்" என்றாள் அம்மா.

பதினெட்டு முடிந்ததும் பட்டாசுக் கம்பெனி. நான்தான் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். வாசலிலேயே போர்மேன் மறித்தார்.

"கொலுசைக் கழட்டு ஆத்தா. ஒரசுனா பொறி பறக்கும். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, எந்திரிக்கணும்னா சொல்லிட்டு எந்திரி."

"மூச்சு விடலாமா அண்ணாச்சி?"

"விடு. மெதுவா விடு."

அக்கா சிரித்துக்கொண்டே கழற்றி என் கையில் கொடுத்தாள். உள்ளே கால் தவறினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பயத்திலேயே அடங்கினாள். "எம்மவ திருந்திட்டா" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாள்.

டாக்டர் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இது திமிர் இல்லம்மா. மூளை வேலை செய்ற விதமே அப்படி. வேலையைச் சின்னதா பிரிச்சுக் குடுங்க. நடுவுல எந்திரிக்க விடுங்க. முடிச்சதும் பாராட்டுங்க."

"எங்க டீச்சரும் இப்படித்தான் செய்வாக" என்றாள் அக்கா. "அப்ப எனக்கும் இதானா டாக்டர்?"

"இருந்திருக்கலாம்மா."

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏலே, அப்ப நான் கெட்ட புள்ள இல்லையாலே?"

அவள் மகள் சலங்சலங்கென்று முன்னால் ஓடினாள். பின்னாலேயே அக்கா நடந்தாள், காலில் ஒன்றும் இல்லாமல். லீவு நாளில்கூட அவள் கொலுசு போடுவதில்லை. இப்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்றாலும் அம்மாவுக்கு அவள் வந்தது தெரிவதில்லை.