சேசுராஜ் டின்

சாலையில் ஓட்டை போடுவதற்காகவே சம்பளம் வாங்குகிற ஒரு ஆள், சாலையில் வேறு யாராவது ஓட்டை போட்டால் அடிக்கப் போவார். இப்படி ஒரு மனுஷனை நீங்கள் செஞ்சியைத் தவிர வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். பெயர் சேசுராஜ். நான் அவரோடு சுற்றுகிற ஜீப் டிரைவர், ஜெகதீஷ். சுற்றிச் சுற்றி எனக்கு இடுப்பு போனதுதான் மிச்சம்.

எங்கள் வேலை, புதிதாகப் போட்ட தார்ச் சாலை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது. மேலாகப் பார்த்தால் எல்லாச் சாலையும் கறுகறுவென்று மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கும். உள்ளே எவ்வளவு கனம் என்று தெரிய வேண்டுமே? அதற்கு ஒரு மெஷின் உண்டு. சேசுராஜ் அதைச் சாலை மேல் நிறுத்தி, தண்ணீர் விட்டுக்கொண்டே வட்டமாக வெட்டி இறக்குவார். அது போடுகிற சத்தத்தில் தெருநாய்கள் ஊரைவிட்டே ஓடும். வெளியே வருகிற தார்த் துண்டு, டம்ளரில் அமுக்கிக் கவிழ்த்த உப்புமா போல உருளையாக இருக்கும். எங்கள் இன்ஜினியர் வித்யாஸ்ரீ மேடம் அதை அளந்து பையில் போட்டு ஒட்டுவார். சேசுராஜ் ஓட்டையைத் துடைத்து, தார்க் கலவை கொட்டி, இடித்து மூடுவார். பிறகு அடுத்த ஊர்.

எங்கே வெட்டுவது என்பது எங்கள் கையில் இல்லை. மேடம் தன் போனில் ஏதோ ஒரு எண்ணை வரவழைப்பார், அது காட்டுகிற இடத்தில்தான் வெட்டு. இது தெரிந்தும் கான்ட்ராக்டர் ஆட்கள் சும்மா இருக்க மாட்டார்கள். நல்லதாகப் போட்ட இடத்தில் நாற்காலி போட்டு, இளநீரைச் சீவி வைத்துக்கொண்டு, "சார், இங்க நெழலா இருக்குது, இங்கயே எடுங்க" என்பார்கள்.

"எளநி எங்க இருக்குதோ அங்க ரோடு கெட்டியா இருக்குதுன்னு அர்த்தம் ஜெகதீசு. எங்க வண்டிய நிறுத்தாத நிறுத்தாதன்றானோ, சேதி அங்கதான் இருக்குது" என்பார் சேசுராஜ். அந்த இளநீரை அவரும் குடிக்க மாட்டார், என்னையும் குடிக்க விட மாட்டார். சித்திரை வெயிலில் இதைவிடப் பெரிய அநியாயம் எனக்கு யாரும் செய்ததில்லை.

ஓட்டையை மூடுவதில் மனுஷன் ஒரு பைத்தியம். மூடிய பிறகும் மேலே ஏறி நின்று, ஒற்றைக் காலால் மிதித்து, அமுங்குகிறதா என்று பார்ப்பார். தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனால் சுற்றியிருக்கிற தார் எல்லாம் பிடியை விட்டுவிடுமாம். நான் ஜீப்பில் உட்கார்ந்து, "ணா, பசிக்குதுணா" என்று ஹாரன் அடிப்பேன். காதிலேயே வாங்க மாட்டார்.

இப்படிப்பட்டவர் கண்ணில் பந்தக்கால் குழி பட்டால் என்ன ஆகும்? நம் ஊரில்தான் வழக்கம் தெரியுமே. கல்யாணமோ காதுகுத்தோ, புதுச்சாலை என்றும் பார்க்காமல் கடப்பாரையால் நாலு போடு போட்டு, சவுக்குக் கம்பத்தை நட்டுவிடுவார்கள். விசேஷம் முடிந்தால் கம்பம் போகும், குழி இருக்கும். சேசுராஜ் ஓடுகிற ஜீப்பிலிருந்து குதித்துப் போய்ச் சண்டை போடுவார். எத்தனை வீட்டு விசேஷத்தில் அவரால் எனக்குத் திட்டு விழுந்திருக்கிறது என்று கணக்கே இல்லை.

கடைவீதியில் பெயின்ட், சிமென்ட், ஆணி விற்கிற ராஜகோபால் முதலாளி வீட்டில் நடந்ததுதான் பெரிய கூத்து. அவர் மகள் ஜெயஸ்ரீக்கு நிச்சயதார்த்தம். வீட்டு வாசலில் பந்தல். அந்தத் தெருவில் தார் போட்டு வாரம்கூட ஆகவில்லை. முந்தின நாள் சாயங்காலம் பந்தல்காரன் கடப்பாரையை ஓங்கினான். அந்த வழியாக வந்த சேசுராஜ், குழி விழ வேண்டிய இடத்தில் போய்த் தன் காலை வைத்துக்கொண்டார்.

"போடு. என் கால் மேல போடு" என்றார்.

ராஜகோபால் கடையிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "யோவ், நீ தெனமும் போடுறது இன்னாய்யா? அது மட்டும் ஓட்ட இல்லியா?"

"நான் போட்டா மூடுவேன் மொதலாளி. நீங்க மூடுவீங்களா?"

ஊரே வேடிக்கை பார்த்தது. கடைசியில் சேசுராஜே ஒரு வழி சொன்னார். காலி பெயின்ட் டின்களில் ஜல்லியும் சிமென்ட்டும் குழைத்து ஊற்றி, அதில் கம்பத்தை நிறுத்தினால் சாலைக்கு ஒன்றும் ஆகாது. ராஜகோபால் வேறு வழியில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். ஆனால் கடைசியாக ஊற்றிய டின் விடிவதற்குள் இறுகவில்லை. மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் தட்டை மாற்றுகிற நேரத்தில் கோட்டைப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. அந்த டின்னில் நின்ற கம்பம் சம்பந்தியம்மாவின் தலைக்கு மேல் ஆடியது.

ராஜகோபால் கூட்டத்தில் சேசுராஜைத் தேடிப் பிடித்து இழுத்து வந்தார். "நீதான குழி வேணான்ன? நீயே புடி!"

சேசுராஜ் பிடித்தார். தட்டு மாற்றி, தாம்பூலம் கொடுத்து, மூன்று பந்தி முடிந்து, கடைசி ஆள் ஏப்பம் விடுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றார். நானும் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் வடை தின்றேன். எழுந்து போய்க் கொஞ்ச நேரம் பிடித்திருக்கலாம்தான், ஆனால் பாயசம் வந்துவிட்டது.

கம்பத்தைப் பிடித்ததற்காக அவருக்கு வருத்தமே இல்லை. திரும்பி வரும்போது ஜீப்பில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "சாப்டியான்னு ஒரு வார்த்த கேக்கல ஜெகதீசு."  எனக்கு வயிற்றிலிருந்த வடை கல்லாகிப் போனது.

ராஜகோபால் வியாபாரி இல்லையா? அந்த டின்களை வீணாக்குவாரா? அடுத்த முறை நடுவில் பைப் துண்டை வைத்து வார்த்தார். எந்தக் கம்பத்தை வேண்டுமானாலும் சொருகி எடுக்கலாம். வாடகைக்கு விட்டார். வயிற்றெரிச்சலில் அவர் அதற்கு வைத்த பெயர் "சேசுராஜ் டின்". அதுவே ஊரில் நிலைத்துவிட்டது. சேசுராஜ் கடைவீதியில் நடந்தால் பையன்கள் "டின்னு வருது" என்பார்கள். "உன் வூட்லயும் பொண்ணு இருக்குதில்ல? அன்னிக்கு நீ குழி தோண்டுறியா இல்லியான்னு நான் வந்து பாக்குறேன்" என்று ராஜகோபால் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவைத்திருந்தார்.

அந்த நாளும் வந்தது. சேசுராஜின் மகள் எலிசபெத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. பனமலைக்குப் போகிற வழியில், மாதா கோயில் தெருவில் அவர் வீடு. தெரு மண் தெரு. மண்ணில் குழி தோண்டினால் யார் கேட்கப் போகிறார்கள்? ஓலைப் பந்தல்தான் வேண்டும், தகரம் போட்டால் ஜனங்கள் வெந்துபோவார்கள் என்று அவர் மனைவி அமலோற்பவம் சொல்லிவிட்டார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அந்தத் தெருவுக்குத் தார் போட்டார்கள்.

அந்தத் தெருவுக்குத் தார் வேண்டும் என்று வருஷக்கணக்காக மனுக் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே சேசுராஜ்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஜீப்பின் பின்பக்கம் போய்ச் சிரித்தேன்.

கதை அதோடு நிற்கவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, அதே தெருவைச் சோதிக்க எங்களையே அனுப்பினார்கள். மேடம் போனைத் தட்டினார். முதல் எண், சேசுராஜ் வீட்டு வாசலுக்கு இடதுபக்கம். இரண்டாவது எண், வலதுபக்கம். தெருவோரத்து மண்ணில் நிற்கிற கால்கள் போக, பந்தலின் நடுக்கால்கள் இரண்டும் எங்கே வர வேண்டுமோ, அச்சு அசலாக அதே இடம்.

அமலோற்பவம் அண்ணி வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். "மாதாவே காட்டுன எடம்யா இது! மேல தாரு போச்சுன்னா கீழ கடப்பாரையால ரெண்டு போடு போட்டா போதும். மூடாத. கல்யாணம் முடியட்டும்."

சேசுராஜ் மெஷினை இறக்கினார். வெட்டினார். துண்டுகளை எடுத்துக் கொடுத்தார். நல்ல கனமான சாலை. அதற்கே அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். பிறகு வேலை ஓய்ந்து, தன் வீட்டு வாசலில் இருக்கிற இரண்டு ஓட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேடமே பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "மழ எதுவும் இல்லண்ணா. ரெண்டு நாள் கழிச்சு மூடுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"நீங்க சொல்லமாட்டீங்க மேடம். நாளைக்கு நான் எவன் வாசல்ல போய்க் கால வெக்கிறது?"

கலவையைக் கொட்டினார். இடித்தார். மேலே ஏறி நின்று மிதித்தும் பார்த்தார். அண்ணி முந்தானையை உதறிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு புருஷனோடு ஒரு பேச்சு இல்லை. சாதம் தட்டில் விழுகிற சத்தம் மட்டும் தெருவரைக்கும் கேட்டது.

நாளைக்கே பந்தல் போட வேண்டும், இனி புதிதாக டின் வார்த்தால் இறுகாது. அது அவருக்கு நன்றாகவே தெரியும், ஆடுகிற கம்பத்தைப் பிடித்துப் படித்த பாடம். இறுகின டின் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

"வண்டிய எடு ஜெகதீசு" என்றார்.

"ணா, வேற யார்கிட்டயாவது கேக்கலாமேணா."

"வண்டிய எடுறா."

ராஜகோபால் கடையில் நல்ல கூட்டம். எங்களைப் பார்த்ததும் அவர் எடைக்கல்லைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"வாய்யா. இன்னா வேணும்?"

"டின்னு வேணும் மொதலாளி."

"பெயின்ட் டின்னா? தின்னர் டின்னா?"

"பந்தக்கால் டின்னு."

"அப்படி ஒண்ணு என் கடையில இல்லியே. பேரு சொல்லிக் கேளு."

 ஆணி வாங்க வந்தவன் ஆணியை மறந்தான். சேசுராஜ் என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன்.

"சேசுராஜ் டின்னு" என்றார். பிறகு தானே குரலை உயர்த்திச் சொன்னார்: "சேசுராஜ் டின்னு குடுங்க மொதலாளி. ரெண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். ராஜகோபால் மட்டும் சிரிக்கவில்லை. சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இவர் கேட்டு வருவார் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை போலிருக்கிறது.

"ரோட்டத் தோண்டல நீ?"

"இல்ல."

"சரி போ. நாளைக்கு நானே ஏத்தியாந்து வெக்கிறேன். குழி இருக்குதான்னு நான் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

சொன்னபடி வந்தார். டின்களை வைத்தார். தரையைத் தடவிப் பார்த்தார். போய்விட்டார்.

கல்யாணத்தன்று வந்த கூட்டம் இருக்கிறதே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடைவீதி ஆட்கள் பாதிப்பேர் அங்கேதான். கோயிலில் பூசை முடிந்து பந்தலுக்கு வந்தவர்கள், பொண்ணு மாப்பிள்ளையிடம் போவதற்கு முன் நடுக்கால்களிடம்தான் போனார்கள். செருப்பு கழன்ற மாதிரி, சாவி விழுந்த மாதிரி, ஆளாளுக்கு ஒரு சாக்கு வைத்துக் குனிந்து பார்த்தார்கள். டின்னைப் பார்த்ததும் ஏமாந்த முகத்தோடு நிமிர்ந்தார்கள். ஒரு கிழவர் மட்டும் டின்னை நகர்த்தியே பார்க்கப் போனார். நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது காற்று கிளம்பியது. ஆனி மாதக் காற்று, கேட்க வேண்டுமா? இலைகள் பறந்தன. டின் அசையவில்லை, ஆனால் பைப்பைவிடக் கம்பம் ஒல்லி. வலதுபக்கக் கம்பம் சொருகின இடத்திலேயே கடகடவென்று ஆட ஆரம்பித்தது. ஓலையெல்லாம் மேலே எழும்பியது. பெண்கள் கூச்சல் போட்டார்கள்.

நான் எழுந்து ஓடுவதற்குள், பட்டுச் சட்டையும் சரிகை வேட்டியுமாக ஒரு ஆள் பாய்ந்து போய்க் கம்பத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். ராஜகோபால்!

சேசுராஜ் ஓடி வந்தார். "விடுங்க மொதலாளி, நான் புடிக்கிறேன்."

"யோவ், அறிவு இருக்குதா உனக்கு? பொண்ணு வண்டி ஏறப் போவுது. நீ அப்பன். போய் அனுப்பிட்டு வாய்யா."

எலிசபெத் காரின் பக்கத்தில் நின்று "நைனா... நைனா..." என்று தேடிக்கொண்டிருந்தாள். சேசுராஜ் போனார். மகளின் நெற்றியில் சிலுவை வரைந்தார். அவ்வளவுதான், அவரால் அடக்க முடியவில்லை. அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். பக்கத்தில் நின்ற அண்ணியும் கோபத்தையெல்லாம் விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான் அழுதேன், இதில் என்ன வெட்கம்? கார் அந்தப் புதுத் தெருவில் ஒரு குலுக்கல் இல்லாமல் போய்த் திரும்பியது.

அவர் திரும்பி வந்தபோதும் காற்று நிற்கவில்லை. ராஜகோபாலும் கம்பத்தை விடவில்லை. பட்டுச் சட்டை முதுகெல்லாம் நனைந்து, முகமெல்லாம் ஓலைத்தூசி. சேசுராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பத்தின் மேல் கையை வைத்தார். ராஜகோபால் முழங்கையாலேயே அந்தக் கையைத் தள்ளிவிட்டார்.

"சாப்டியா?" என்று கேட்டார்.

 சேசுராஜ் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எம்மா அமலோற்பவம்! இந்தாளுக்கு ஒரு எல போடும்மா, இங்கயே போடு!" என்று ராஜகோபால் கம்பத்தைக் கட்டிப் பிடித்தபடியே கத்தினார்.

அண்ணி இலையைக் கொண்டுவந்து, காற்றில் பறக்காமல் இருக்க அந்த டின்னுக்கு அண்டையில் போட்டார். சேசுராஜ் புதுச்சாலையின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் சோற்றுக் குண்டானை எடுக்க ஓடினேன்.