மிளகாய்க்குப் போன கடைசி அத்தியாயம்

துப்பறியும் நாவலை மட்டமாகப் பேசுகிறவர்களை நான் இன்றுவரை மதித்ததில்லை. அதற்குக் காரணம் என் மூத்தார்.

ராயபுரத்தில் எங்கள் மளிகைக் கடை, பின்கட்டில் வீடு. பொட்டலம் மடிக்கப் பழைய புத்தகங்களை எடைக்கு வாங்குவோம். உலக யுத்தம் முடிந்த பிறகு மூட்டை மூட்டையாக வந்தன. கடையைக் கவனித்துவந்த மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன், அதிலிருந்து யுத்த சரித்திரங்களைப் பொறுக்கிக் கண்ணாடி அலமாரியில் வைப்பார். அவை அவருக்குப் புத்தகங்கள். நான் எடுத்துப் படித்த கொலைக் கதைகள் வெறும் காகிதம்.

அவருடைய சரித்திரங்களையும் திருட்டுத்தனமாகப் படித்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை. ஒரு பாலத்தைப் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் மாண்டனர் என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள். கொலைக் கதையில் செத்தவன் ஒருத்தன்தான். அவனுக்காக ஒரு மனுஷன் புத்தகம் முழுக்க அலைகிறான். எது மரியாதை? இத்தனைக்கும் மூத்தார், பட்டணத்தில் குண்டு விழும் என்றதும் எங்களுக்கு முன்னால் ரயில் ஏறி ஊருக்குப் போனவர்.

ஒருநாள், நான் பாதி படித்து வைத்திருந்த நாவலைப் பின்பக்கத்திலிருந்து கிழித்துவிட்டார். கடைசி அத்தியாயம் மிளகாய்ப் பொட்டலமாகி மீனவர் குப்பத்துக்குப் போயிருந்தது. வாங்கிப் போன மீன்காரியின் வீட்டைத் தேடிப் போனேன். கடைக்காரர் வீட்டு மருமகள் குப்பத்துக்குள் நுழைவதைத் தெருவே பார்த்தது. பார்க்கட்டும்.

“இன்னாக்கா, மொளகா கட்ன காயிதமா? அடுப்புல போட்டுட்டனே! அதுல இன்னா கீது?”

“கொலை செஞ்சது யாருன்னு இருக்கு.”

“இதுக்கா இம்மாந்தூரம் வந்தே? புருசங்காரன்தான் செஞ்சிருப்பான், வேற யாரு?” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மூத்தார் கொத்தவால்சாவடிக்குச் சரக்கு எடுக்கப் போன நேரம் பார்த்து அலமாரியைத் திறந்தேன். அவர் பென்சிலால் கோடு போட்டுப் போட்டுப் படித்த தடித்த சரித்திரத்தின் கடைசி அத்தியாயத்தைக் கிழித்து, அவ்வளவிலும் கொத்தமல்லி மடித்து வைத்தேன்.

“என் புத்தகத்தைக் கிழிச்சது யாரு?” என்று திரும்பி வந்தவர் கத்தினார். என் கணவர் திருதிருவென முழித்தார்.

எங்கள் ஊர்ப் பக்கம் தம்பி மனைவி மூத்தார் முன்னால் நின்று பேசுவதில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து கணவரிடம் சொல்ல, அவர் அண்ணனிடம் சொல்வார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான் இருந்தேன். அன்று நேரே முன்னால் போய் நின்றேன்.

“நான்தான் கிழிச்சேன். உங்க சண்டையில யாரு ஜெயிச்சான்னு ஊருக்கே தெரியும். என் கதையில கொன்னது யாருன்னு எனக்கு இனிமே தெரியவே தெரியாது.”

அவர் கொத்தமல்லிப் பொட்டலங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் ஒரு பழைய நாவலைக் கிழிக்கக் கையில் எடுத்தவர், நான் கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தே, தம்பியிடம் சொன்னார்: “ஏலே, இந்தப் புத்தகத்தைப் படிச்சு முடிச்சாச்சான்னு கேளு.”

“இல்லை” என்றேன், அவருக்கே கேட்கும்படி.