பொறுமைக்காரி என்ற கப்பலும் யோசெப்பினும்

கனடாவின் மொன்றியல் நகரில், பழைய துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சிறிய கப்பல் காட்சியகம் இருந்தது. நகரின் லாசால் பகுதியில் அவள் வேலை செய்த தையல் தொழிற்சாலை மூடப்பட்டதும், 2001ஆம் ஆண்டில் யோசெப்பின் அங்கே துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். சொந்த ஊர் இலங்கையில் மன்னார், பேசாலை. கணவன் மரியதாசன் ஊரில் வள்ளம் வைத்திருந்தவன். யுத்த காலத்தில் ஒரு விடியற்காலை நடுக்கடலில் வேறொரு படகு வந்து மறித்தது. ஆட்களை இன்னொரு வள்ளத்தில் ஏற்றிவிட்டு, வள்ளத்தையும் வலையையும் கொண்டு போய்விட்டார்கள். வந்தவர்கள் யாரென்று கடைசி வரை தெரியவில்லை. மொன்றியலுக்கு வந்த பிறகு அவன் பேக்கரி ஒன்றில் மா குழைத்தான். கடலைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டான்.

காட்சியகத்தின் முதல் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஓராள் நீளத்துக்கு ஒரு மாதிரிக் கப்பல் நின்றது. பெயர் 'லா பசியாந்த்'. அந்தப் பெட்டியைத் தினமும் இரண்டு தடவை துடைக்க வேண்டியது யோசெப்பினின் வேலை. துடைத்துத் துடைத்து அந்தக் கப்பலின் மேல் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு விடுமுறை நாளில் மகள் ஜொய்சியைக் கூட்டிவந்து, சுவரில் இருந்த பிரெஞ்சுக் குறிப்புகள் முழுவதையும் வாசித்துச் சொல்லச் சொன்னாள். பெயருக்குப் 'பொறுமைக்காரி' என்று அர்த்தமாம். அன்றிலிருந்து யோசெப்பினுக்கு அது பொறுமைக்காரிதான்.

முதலில் தோழி அல்போன்சம்மாவுக்குக் கதையைச் சொன்னாள். அல்போன்சம்மா கோயிலில் எல்லோரிடமும் சொன்னாள். பிறகு ஞாயிறு பூசை முடிந்து தமிழ்ச் சனம் கூட்டமாக வரத் தொடங்கியது. காட்சியகத்தை நடத்திய மதாம் லெக்ளேர் சிரித்துக்கொண்டு அனுமதித்தார். வாளியையும் துடைப்பத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு யோசெப்பின் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பாள்.

"இவையள் கடற்கொள்ளைக்காரர் இல்லை. இவையளிட்ட ராசாவின்ர கடுதாசி இருந்தது. சண்டைக் காலத்தில எதிரியின்ர வியாபாரக் கப்பலைப் பிடிக்கலாம் எண்டு கடுதாசி. பிடிச்சதைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து நீதிமன்றத்தில காட்ட வேணும். சரியெண்டு சொன்னாத்தான் பங்கு."

பொறுமைக்காரி முதலில் மீன் ஏற்றும் கப்பல். 1756இல் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டதும் கியூபெக்கில் வைத்துப் பத்துப் பீரங்கிகள் பூட்டினார்கள். கப்டன் பெயர் மொர்வான். இரண்டே வருடத்தில் பதினொரு ஆங்கில வணிகக் கப்பல்களைப் பிடித்தான். ரம், சீனிப்பாகு, கருவாடு, வைன். கப்பல்களில் பாதிக்கு மேல் ஒரு வெடிகூட வைக்காமல் பிடித்தவை. அந்தத் தந்திரத்தைச் சொல்லும்போது யோசெப்பினின் குரல் இறங்கும்.

"விடியப்பறம். தூரத்தில ஒரு பாய் தெரியுது. கொடியைப் பாத்தா எங்கட கொடி. கை காட்டுறம். கிட்ட வந்தாப்பிறகுதான் அந்தக் கொடி இறங்குது, வேற கொடி ஏறுது. அந்த நேரம் தேத்தண்ணிக் கோப்பையோட நிக்கிறவனுக்கு, அதை எங்க வைக்கிறதெண்டு தெரியாது. கோப்பையைப் பிடிச்சபடியே நிப்பான்."

கூட்டம் பெட்டியை இன்னும் நெருங்கி வரும். கோப்பை எந்தக் குறிப்பிலும் இல்லை. அது, தன் வள்ளம் மறிக்கப்பட்ட விடியற்காலையைப் பற்றி மரியதாசன் ஒரே ஒரு தடவை அவளிடம் சொன்னது.

ஐந்து வருடம் இப்படிப் போனது. கோயிலில் அவளைக் 'கப்பல் யோசெப்பின்' என்றார்கள். 2006 கோடையில் மதாம் லெக்ளேர் சம்பளத்துக்கு ஒரு வழிகாட்டியை வைத்தார். சென்னையிலிருந்து வரலாறு படிக்க வந்த பார்கவி. இருபத்துநாலு வயது, நல்ல ஆங்கிலம், கழுத்தில் பெயர் அட்டை.

"ஆன்ட்டி, இந்தக் கப்பலைப் பத்தி உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமாமே? நீங்க சொல்றதை நான் ஒரு தடவை கேக்கலாமா?" என்றாள் முதல் நாளே.

யோசெப்பினுக்குப் பெருமையாக இருந்தது. தன் கதையைச் சொன்னாள். முடிவை மட்டும் சொல்லவில்லை. "அது பேந்து, ஆறுதலாச் சொல்லுறன்" என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் படிக்கட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே பார்கவியின் குரல் கேட்டது. டொராண்டோவிலிருந்து வந்த கூட்டம். கொடி இறங்குகிறது, வேறு கொடி ஏறுகிறது, கையில் தேநீர்க் கோப்பையுடன் ஒரு மாலுமி நிற்கிறான். ஆங்கிலத்தில் அது இன்னும் அழகாக இருந்தது. கை தட்டினார்கள். யோசெப்பின் கழுவிய படியையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

அதன் பிறகு தமிழ்ச் சனமும் பார்கவியைத் தேடியது. "அந்தப் பிள்ளை வடிவாச் சொல்லுது. வருசம், பேர் எல்லாம் விரல்நுனியில வச்சிருக்குது" என்றாள் அல்போன்சம்மா. அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனாலும் யோசெப்பின் இரண்டு கிழமை அவளுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. பார்கவியின் சிரிப்பு பிடிக்கவில்லை. ஈரத் தரையில் சப்பாத்தோடு நடப்பது பிடிக்கவில்லை. மதாம் லெக்ளேர் அவளுக்குக் கோப்பி வாங்கி வந்தது கொஞ்சமும் பிடிக்கவில்லை. தனக்கு ஐந்து வருடத்தில் ஒரு கோப்பி கிடைத்ததா என்று யோசித்துப் பார்த்தாள். கிடைத்திருந்தது, பல தடவை. அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆகஸ்டில், மாதாவின் திருநாள் முடிந்த ஞாயிறு, கோயில் பங்கிலிருந்து நாற்பது பேர் வருவதாக இருந்தது. முந்தின நாள் பார்கவி அவளிடம் ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, நான் கொடி மாறுறதோடயே கதையை முடிச்சிட்டிருக்கேன். கடைசில அந்தக் கப்பலுக்கு என்னதான் ஆச்சு? மூணாவது ரூம் ரிப்பேர்னு பூட்டிட்டாங்க. ஃபைல்ல இருக்கிற ஃப்ரெஞ்ச் கையெழுத்து எனக்கு ஒண்ணுமே புரியல. மதாமும் இன்னைக்கு வரல."

முடிவு மூன்றாவது அறைச் சுவரில்தான் இருந்தது. கதையிலேயே நல்ல இடம் அதுதான். அதையும் கொடுத்துவிட்டால் தன்னிடம் என்ன மிஞ்சும்?

"புயலில தாண்டு போச்சுது பிள்ளை," என்றாள் யோசெப்பின். "ஒருத்தரும் தப்பேல்லை."

"ஐயோ பாவம்," என்று பார்கவி உண்மையாகவே கவலைப்பட்டு எழுதிக்கொண்டாள்.

மறுநாள் பார்கவி நாற்பது பேருக்கும் தமிழில் கதை சொன்னாள். இடையிடையே மதாம் லெக்ளேருக்காக ஆங்கிலத்திலும் சொன்னாள். புயலில் கப்பல் மூழ்கியது என்றபோது மதாம் லெக்ளேர் கையை உயர்த்தினார். "இல்லை, பார்கவி. அது மூழ்கவே இல்லை. யார் சொன்னது?"

பார்கவி திரும்பி யோசெப்பினைப் பார்த்தாள். ஒரு விநாடிதான். "மன்னிச்சிடுங்க. நான்தான் தப்பா படிச்சிட்டேன்," என்றாள். முகம் சிவந்துவிட்டது. மறைக்கல்வி நடத்தும் சவிரிமுத்து மாஸ்டர் பக்கத்தில் இருந்தவரிடம், "படிச்ச பிள்ளையெண்டுதானே சொன்னவை," என்றார். எல்லோருக்கும் கேட்டது.

"ஜோசெஃபினுக்குத் தெரியும். அவர் சொல்லட்டும்," என்றார் மதாம் லெக்ளேர்.

நாற்பது பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். கோடை முழுவதும் அவள் ஏங்கியது இதற்குத்தான்.

"ஐம்பத்தெட்டாம் ஆண்டு," என்று தொடங்கினாள். "காஸ்பே கரையில, மூடுபனிக்குள்ள, இங்கிலீசுக்காரன்ர போர்க்கப்பல் பிடிச்சிட்டுது. கப்டனைச் சிறையில போட்டாங்கள். கப்பலை உடைக்கேல்லை. புதுப் பேர் வச்சு, தங்கட ராசாவின்ர கடுதாசியைக் குடுத்து, பிரெஞ்சு வியாபாரக் கப்பல்களைப் பிடிக்க அனுப்பினாங்கள். அதே தந்திரம்தான். அதே கப்பல்தான்."

கை தட்டினார்கள். "கப்பல் யோசெப்பின் எண்டு சும்மாவோ சொன்னது!" என்றார் சவிரிமுத்து மாஸ்டர். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

பணியாளர் அறையில் பார்கவி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"தெரிஞ்சுதான் பொய் சொன்னன்," என்றாள் யோசெப்பின்.

"தெரியும். எதுக்கு ஆன்ட்டி?"

"நீ என்ர மனுசன்ர தேத்தண்ணிக் கோப்பையை எடுத்திட்டாய்."

பார்கவிக்கு விளங்கவில்லை. வள்ளம் போன கதையை யோசெப்பின் நின்றபடியே சொன்னாள்.

"அது நீங்க கற்பனை பண்ணிச் சொன்னதுன்னு நெனச்சேன்."

"கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும், ஒத்துக்கறேன். ஆனா நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன். அத்தனை பேர் முன்னாடி என்னை நிக்க வெச்சீங்களே!" அழுகையும் கோபமுமாகப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலை சாப்பிடும்போது யோசெப்பின் நடந்ததைக் கணவனிடம் சொன்னாள். மரியதாசன் புட்டைப் பிசைவதை நிறுத்தினான்.

"நான் உனக்குச் சொன்னதை நீ ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சனியோ? ஐஞ்சு வருசமா?"

பார்கவியைப் பற்றி யோசித்த அளவுக்கு இதைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. அவன் சாப்பிட்டு, தேநீர் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்தான். கிழமை முழுவதும் தேவைக்கு மட்டும் கதைத்தான். அடுத்த சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் காட்சியகத்துக்கு வந்தான். கண்ணாடிப் பெட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

"முன்பாயின்ர கயிறு பிழையாக் கட்டியிருக்கு," என்றான். "காத்தடிச்சா நிக்காது. உன்ர மதாமிட்டச் சொல்லு."

செப்டம்பரில் வேலை முடிந்து போகும் வரை பார்கவி அவளுக்குப் 'போன்ஜூர்' என்று வணக்கம் மட்டும் சொன்னாள். கோப்பையை மறுபடி தொடவில்லை. அதற்குப் பதிலாக, பிடிபட்ட வணிகக் கப்பலின் சமையல்காரன் அடுப்பை அணைக்க மறுத்த செய்தியை எங்கோ தேடிப் பிடித்துச் சொன்னாள். அதுவும் நன்றாகவே இருந்தது. அதைக் கேட்டபோதும் யோசெப்பினுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் இம்முறை அவள் எதுவும் செய்யவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

2008 வசந்தத்தில் காட்சியக முகவரிக்கு ஒரு தடித்த பொதி வந்தது. பொறுமைக்காரியைப் பற்றிப் பார்கவி எழுதிய ஆய்வேடு. கடிதம் எதுவும் இல்லை. ஜொய்சி முதல் பக்கங்களைப் புரட்டி நன்றியுரையைக் கண்டுபிடித்தாள். "கப்பலின் கதையை எனக்கு முதலில் சொன்ன யோசெப்பினுக்கு" என்று ஒரு வரி. அதற்கு மேலே மதாம் லெக்ளேருக்கு நாலு வரி.

யோசெப்பின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்தாள்.

"அடுத்த பக்கத்தையும் வடிவாப் பார் பிள்ளை," என்றாள் மகளிடம். "அங்கையும் என்னைப்பற்றி ஏதும் எழுதியிருக்கும்."