எடுத்த பிறகு கேட்ட கேள்விகள்

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் மகளிர் பிரிவில் வேலை பார்த்தேன். ஆபரேஷனில் கை வேகம் என்று எனக்குப் பெயர். அதில் பெருமையும் இருந்தது. வெள்ளைப்படுதல், இடுப்பு வலி, உதிரப்போக்கு என்று முப்பது வயதுகூட ஆகாத பெண்கள் வருவார்கள். இரண்டு பிள்ளை பெற்றுக் குடும்பக் கட்டுப்பாடும் செய்திருந்தால், "கர்ப்பப்பையை எடுத்துரலாம், இனி அதுக்கு ஒரு வேலையும் இல்லை" என்று சொல்லிவிடுவேன். எங்கள் துறைத் தலைவரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட பேச்சு அது. பின்னாளில் கட்டி கிட்டி வந்துவிடக் கூடாதென்று முட்டை உருவாகும் சூலகங்கள் இரண்டையும் சேர்த்தே எடுப்போம். யாரும் மறுத்துப் பேசியதில்லை. பலர் தாங்களாகவே கேட்டு வந்தார்கள்.

சில வருடங்களில் வேறு மாதிரியான பெண்கள் வரத் தொடங்கினார்கள். முப்பத்தைந்து வயதுக்குள் உடம்பு திகுதிகுவென்று எரிகிறது, தூக்கமில்லை, எலும்பெல்லாம் வலி. மாதவிலக்கு நிற்கும் ஐம்பதில் வர வேண்டியவை. விசாரித்தால் எல்லோருக்கும் எங்கோ ஓரிடத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தது. சூலகம் போனால் இப்படி ஆகும் என்று படித்திருந்தேன். பரீட்சையில் எழுதியும் இருந்தேன். ஆனால் எடுத்த பெண்கள் அதன் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. இதையே ஓர் ஆய்வாகச் செய்ய அனுமதி கேட்டேன். தலைவர் கொடுத்தார்.

நானும் ஒரு நர்ஸும் கேள்வித்தாள்களை எடுத்துக்கொண்டு சூலூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போனோம். ஒரு விசைத்தறிக் கொட்டகையை ஒட்டிய வீட்டில் ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயது முப்பத்து மூன்று என்றாள். முன்பு இரண்டு தறி ஓட்டினவள், இப்போது நிற்க முடியாமல் உட்கார்ந்தபடி நூல் சுற்றுகிறாள். தறிச் சத்தத்தில் கேள்விகளைக் கத்திக் கேட்க வேண்டியிருந்தது.

"ஆபரேஷன் எங்கே பண்ணினீங்க?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "என்னைத் தெரியலீங்களா? நீங்கதானுங்க எடுத்தீங்க."

எனக்குத் தெரியவில்லை. அப்போதெல்லாம் வருடத்துக்கு எத்தனையோ பேர். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். பேனாவை மூடலாமா என்று யோசித்தேன், மூடவில்லை. மீதிக் கேள்விகளையும் கேட்டேன். எரிச்சலா? ஆமாங்க. தூக்கம்? இல்லீங்க. வீட்டுக்காரரோடு? அவள் நூலைச் சுற்றினாள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

நாங்கள் எழுந்தபோது அவள் கேட்டாள். "ஏனுங்க, எனக்கு அன்னிக்கு வெள்ளைதானுங்க பட்டுது. மாத்திரை குடுத்திருந்தா செரியாயிருக்குமுங்களா?"

பொய் சொல்ல வழி இருந்தது. கேஸ் சீட்டைப் பார்க்கணும் என்று சொல்லியிருக்கலாம்.

"சரியாயிருக்கலாம்" என்றேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "அப்ப எதுக்குங்க எடுத்துப்போட்டீங்க?" என்று நிதானமாகத்தான் கேட்டாள். அந்த 'ங்க'வை அப்போதும் விடவில்லை. நான் கேள்வித்தாளை மடித்தேன். "செரி, போயிட்டு வாங்க. தறிக்காரரு பாத்தா வைவாரு" என்று திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்து பழைய கேஸ் சீட்டுக் கட்டுகளில் அவளுடையதைத் தேடி எடுத்தேன். தொற்றுக்குப் பரிசோதனை செய்யவே இல்லை. கீழே என் கையெழுத்து.

ஆய்வு முடிந்ததும் தலைவர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "நம்ம ஆஸ்பத்திரி கேஸை எல்லாம் எடுத்துடும்மா. வெளியில பண்ணின கேஸ் போதும்."

"பாதி போயிடும் சார்."

"அதுல உன் கையெழுத்துதானே இருக்கு? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஒரு வாரம் அந்தத் தாள்களைத் தொடவில்லை. எங்கள் கேஸ்களை எடுத்துவிடத்தான் நினைத்தேன், அதை மறைப்பதில் இப்போது பயனில்லை. பிறகு அப்படியே வைத்து ஒரு மருத்துவ இதழுக்கு அனுப்பினேன். கட்டுரையிலிருந்து தலைவர் தம் பெயரை எடுக்கச் சொன்னார். ஆபரேஷன் பட்டியலில் என் பெயர் குறையத் தொடங்கியது.

அந்தப் பெண்ணை வரச் சொல்லி நர்ஸிடம் சொல்லி அனுப்பினேன். நான்காவது முறைதான் வந்தாள். ஹார்மோன் மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தேன். எரிச்சல் கொஞ்சம் குறைந்தது என்றாள். மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். அவள் மாத்திரை சாப்பிட வேண்டிய நேரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள், நான் மன்னிப்புக் கேட்காமலே விட்டுவிட்டேன்.

அடுத்த தடவை தங்கையைக் கூட்டி வந்தாள். அவளும் தறி ஓட்டுகிறவள், அதே தொல்லை. "இவளுக்கு மருந்து மட்டும் குடுங்க" என்றாள் அக்கா. பரிசோதித்தேன். தொற்றுதான், மருந்தில் போகும். கணவனும் மருந்து சாப்பிட வேண்டும், மூன்று முறை வந்து காட்ட வேண்டும் என்றேன்.

தங்கை முகம் சுருங்கியது. "அவரு மாத்திரை திங்க மாட்டாருங்க. மூணு தடவை லீவு போட்டா தறியை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. ஒரே அடியா எடுத்துப்போட்டீங்கன்னா தேவலைங்க."

"உனக்கென்ன கிறுக்கா அம்மணி? என்னையப் பாரு" என்றாள் அக்கா.

"உன்னையப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். எனக்கு ஆரு சோறு போடறது?"

நான் மருந்துதான் எழுதினேன். தங்கை ஒரே ஒரு முறை வந்தாள்.

ஆறு மாதம் கழித்து அக்கா மட்டும் வந்தாள். மாத்திரைச் சீட்டை நீட்டியபடி, தங்கை வேறொரு நர்சிங் ஹோமில் எடுத்துக்கொண்டாள் என்றாள்.

"சூலகத்தையும் எடுத்துட்டாங்களா?" என்றேன்.

"அதைய ஆருங்க கேட்டா?" என்றாள் அவள்.

அந்த நர்சிங் ஹோமுக்கு அன்றே போன் செய்தேன். எங்கள் நோயாளியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல முடியாது என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.