பள்ளிக்கூட சர்வரும் மெயின் சுவிட்சும்

இரண்டு வருடங்களுக்கு முன், பள்ளி திறந்த ஜூன் மாதம் அது. மல்லசமுத்திரத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு இன்டர்நெட் எட்டிப் பார்ப்பதே இல்லை. அது இல்லாமலே பிள்ளைகளின் டேப்லெட்டுகளில் பாடம் ஓட ஒரு சர்வர் வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு இதெல்லாம் கைவந்த வேலை. உள்ளங்கை அளவே உள்ள, விலை குறைந்த ஒற்றை போர்டு கம்ப்யூட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மொட்டை மாடித் தகரக் கொட்டகையில், சேலத்து வெயிலில் ஒரு வாரம் ஓடவிட்டேன். புழுதியைக்கூட மேலே கொட்டிப் பார்த்தேன். அசரவில்லை. "பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை சார்" என்று சொல்லி மாட்டிவிட்டு வந்தேன். அவ்வளவு தெனாவட்டு.

மூன்றாவது வாரமே படுத்துவிட்டது. மெமரி கார்டு போயிருந்தது, மாற்றினேன். ஒரு மாதம் கழித்து மறுபடி போனது. அந்த ஒரு மாதமாக ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி டைப் செய்து வைத்திருந்த கட்டுரைகளும் சேர்ந்து போயின. நகல் எடுத்து வைக்காதது என் தப்பு. தலைமையாசிரியர் கோபப்படவில்லை. "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா எடுத்துட்டுப் போயிருங்க மேடம். புள்ளைங்க நோட்டுலயே எழுதிக்கட்டும்ங்க" என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

காரணம் தெரியாமல் நகர்வதில்லை என்று அன்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பள்ளி விட்டதும், துப்புரவு வேலை பார்க்கும் பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். வகுப்புகளைப் பூட்டிவிட்டு நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். சர்வர் பொசுக்கென்று அணைந்தது. ஓடும்போதே இப்படிக் கரண்ட் போனால் மெமரி கார்டு கெட்டுப்போகும். "தினமும் இதைத்தான் செய்றீங்களா? எப்படி அணைக்கணும்னு சுவத்துல ஒட்டியிருக்கேனே" என்று கத்திவிட்டேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "முன்ன ஒருக்கா எலி வயரைக் கடிச்சு ஒரு ரூமே பத்திக்கிச்சுங்க. அன்னையிலிருந்து மெயினை அமத்தாம நான் ஊட்டுக்குப் போறதில்லீங்க. உங்க பெட்டிக்காகப் பள்ளிக்கூடத்தை எரிய விட முடியுங்களா?"

அவர் சொன்னது நியாயம்தான். நான் ஒட்டியிருந்த காகிதம் வேறு ஆங்கிலத்தில் இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கடைக்கு வந்து நான்கு வகை போர்டுகளை வைத்து, ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றுதான் தாங்கியது. மெமரி போர்டிலேயே பதிந்திருக்கும் வகை அது. விலை கொஞ்சம் கூடுதல். கரண்ட் நின்றதும் எல்லாவற்றையும் சேமித்துவிட்டுத் தானாக அணைய நேரம் தருகிற ஒரு சின்ன பேட்டரியையும் அதனோடு சேர்த்தேன். மாட்டிய அன்று, மெயினை இறக்க அவரையே கூப்பிட்டேன்.

"நெசமாலுமே அமத்தட்டுங்களா?" என்று தயங்கினார்.

"தைரியமா அமத்துங்க" என்றேன். மறுநாள் காலை, பிள்ளைகள் எழுதியதில் ஒரு வரிகூடக் குறையவில்லை.

இன்றுவரை அது ஓடிக்கொண்டிருக்கிறது. தொலைந்த கட்டுரைகளைப் பிள்ளைகள் திரும்ப எழுதினார்கள். முதலில் எழுதினது மாதிரி வரவில்லை என்று ஒரு மாணவி சொன்னது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. இப்போது எந்தப் பள்ளிக்கு போர்டு தேர்ந்தெடுத்தாலும், வெயிலையும் புழுதியையும் விசாரிக்கும் முன், சாயங்காலம் அங்கே மெயினை இறக்குவது யார் என்று கேட்டு, அவரைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.