அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

அறையில் நீதிபதி இருந்தார், ஓய்வு பெற்றவர். பக்கத்தில் டாக்டரம்மா. அடுத்து மெலிந்த மனிதர் ஒருவர். அவரும் ஒரு காலத்தில் இதே மாதிரி மனநோய் ஆஸ்பத்திரியில் கிடந்து தேறியவராம், சட்டப்படி அப்படி ஒருவர் வேண்டுமாம். வாசலில் ஒரு நர்ஸ். நாற்காலியில் என் அக்கா. அவளுக்குப் பின்னால் நான்.

அக்காவை அங்கே கொண்டுபோய் விட்டவன் நான்தான். மச்சான் செத்த பிறகு அவள் தென்காசிப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்தாள். நான் இந்த மலையாள ஊரில், சாலைக் கடைத்தெருவில் டீ போடுகிறவன். ஒற்றை அறை வீடு. கேஸ் குழாய்க்குள் ஆள் பேசுகிறது என்று அக்கா சொல்ல ஆரம்பித்தாள். ஒருநாள் அந்த ஆளை வெளியே விடக் குழாயைப் பிடுங்கிப் போட்டாள். என் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அன்று அக்காவை ஆட்டோவில் ஏற்றினேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

முப்பது நாள் முடிந்தது. அதற்கு மேலும் சம்மதமில்லாமல் வைக்க வேண்டுமென்றால் இந்த மூன்று பேரும் சரி சொல்ல வேண்டும். தனக்கு என்ன நோய், மருந்து என்ன செய்யும், தின்னாவிட்டால் என்ன ஆகும், இதெல்லாம் அவளுக்குப் புரிகிறதா என்று பார்ப்பார்கள். புரிந்தால் விட்டுவிட வேண்டும்.

அக்காவுக்கு மலையாளம் வராது. அவர்கள் மூவரும் வடக்கே கண்ணூர்ப் பக்கத்து ஆட்கள். எங்கள் பேச்சின் ஓட்டம் பிடிபடவில்லை. தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடலாம் என்றார் நீதிபதி. நான் இருக்கிறேனே என்றேன். கடையில் தினமும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவே அதுதானே செய்கிறேன்.

"என்னலே தாடி? பொண்டாட்டி வெரட்டிட்டாளா?" என்றாள் அக்கா. "ஒழுங்காச் சொல்லு. டீயில தண்ணி ஊத்துற மாதிரி என் பேச்சுலயும் ஊத்திராத."

பேச்சு புரியாவிட்டாலும் அக்கா என் தாடியைக் காட்டிய விதத்தில் நர்ஸ் சிரித்துவிட்டாள்.

டாக்டரம்மா கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அக்கா அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"குழாய்க்குள்ள ஆளு இல்லம்மா. எனக்குத்தான் அப்பிடிக் கேட்டுது. மாத்திரை தின்னா அது தூரமாப் போயிருது. நிறுத்துனா திரும்ப வரும், தெரியும். ஆனா கை நடுங்குது, சோத்த அள்ளுனா சிந்துது. கொஞ்சம் கொறச்சுத் தாங்க, வீட்டுல இருந்து திங்கேன். தம்பிக்கு எடைஞ்சல்னா வேற எடம் காட்டுங்க, இருந்துக்கிடுதேன். பூட்டி மட்டும் வைக்காதீங்க."

நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அவள் சொன்னதில் ஒரு தப்பு இல்லை.

"குளிகை இஷ்டமில்லா, வீட்டில் போணும்னு பறயுன்னு," என்றேன் டாக்டரம்மாவிடம். மாத்திரை பிடிக்கவில்லை, வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள். அவ்வளவுதான் சொன்னேன்.

மெலிந்த மனிதர் நிமிர்ந்தார். "இத்தறயும் பறஞ்ஞிட்டு அத்தறயே உள்ளோ?"

இவ்வளவு பேசினாளே, அவ்வளவுதானா என்று கேட்டார். மிச்சமெல்லாம் பழைய கதை சார் என்றேன்.

வீட்டில் ஒழுங்காக மருந்து தின்பாளா, இன்னொரு தடவை கேளுங்கள் என்றார் டாக்டரம்மா. நான் குனிந்து, வேகமாக, "இங்கனயே இருந்துக்கிடுதியாக்கா?" என்று கேட்டேன். மாட்டேன் என்று அவள் பலமாகத் தலையை ஆட்டினாள். மூன்று பேரும் பார்த்தார்கள். மெலிந்த மனிதர் அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

குறைத்துப் பேசுகிறவன் பொய் சொல்லமாட்டான் என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு.

ஏன் செய்தேன்? அவள் உள்ளே இருந்த நாளெல்லாம் நான் தூங்கினேன். பிள்ளைக்குப் பயந்தேன் என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறேன். பயம் உண்டுதான். ஆனால் அந்த அறையில் நின்றபோது பிள்ளை ஞாபகம் வரவில்லை. நான் நிம்மதியாகப் படுத்த பாய் ஞாபகம்தான் வந்தது.

இப்போது அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். மாத்திரையை அவளே எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள், யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் தம்ளரில் தண்ணீர் மொண்டால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அவளிடம் சொல்லிவிட நினைப்பேன். சொன்னதில்லை.

அன்று எங்களை வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் வந்து உத்தரவை என்னிடம் மலையாளத்தில் சொன்னாள். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னத எல்லாம் சொன்னியாலே?"

"சொன்னேன்க்கா."

"மாத்திரையக் கொறைக்கச் சொன்னது?"

"சொன்னேன்."

"பெறகு ஏன் விடமாட்டேங்காவ?"

அவள் நடுங்குகிற கையை என் தோளில் வைத்தாள்.

"விடு. நீ என்ன செய்வ, பெரிய ஆளுக சொல்லுதாவ. இன்னும் எத்தன நாளாம்?"

"தொண்ணூறு."