சாந்தாமணியின் கழுநீர்ப் பானை

சாந்தாமணி கெட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதை முடியும்போது அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

அன்னூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலையேறியவள். புருஷன் ஆறுக்குட்டி, ஊட்டிக்கு அப்பால் ஒரு மேய்ச்சல் ஆராய்ச்சிப் பண்ணையில் காவலாளி. மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோனபோது மகள் மஞ்சுவுக்கு மூன்று வயது. பண்ணையில் இரக்கப்பட்டு அவளுக்குத் தற்காலிகமாக ஒரு வேலை போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தற்காலிகம் இருபத்திரண்டு வருஷம் ஓடியது. சாணி அள்ளினாள், வேலி கட்டினாள், கன்று போட்ட மாட்டுக்குப் பக்குவம் பார்த்தாள். பத்தாவது வரை படித்தவள். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பெரிய ஆராய்ச்சி தொடங்கியபோது பதிவேடு அவளிடம் வந்தது அதனால்தான்.

ஆராய்ச்சி ஒன்றும் புரியாத வித்தை இல்லை. எட்டுப் பசுக்கள். நான்கிற்குப் பனிக்காலத்தில் தவிடு, புண்ணாக்கு, தீவனப்புல் எல்லாம் உண்டு. மற்ற நான்கிற்கு மலைப்புல் மட்டும். வேலியடித்த காடுகளில், அதாவது மேய்ச்சல் துண்டுகளில், மாற்றி மாற்றி மேய வேண்டும், குடிக்கத் தண்ணீர், வேறு எதுவும் கூடாது. பத்து வருஷம் இப்படியே நடத்தி மாசாமாசம் எடை போட வேண்டும். மழை தவறி, பனி நாள் தவறிக் கொட்டுகிற காலத்தில், கீழ்நாட்டுத் தீவனத்தை நம்பாமல் மாட்டைக் காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பதற்கு. இதை நடத்திய விஞ்ஞானி ஸ்ரீமதி நல்ல மனுஷி. ஏழை விவசாயிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தவள். நல்ல மனுஷி மேல் கோபப்படவும் முடியாதது இந்தக் கதையின் இன்னொரு வயிற்றெரிச்சல்.

சாந்தாமணி குடியிருந்த வரிசையில் பன்னிரண்டு வீடுகள். எல்லோரும் கோவை, அவிநாசி, கோபி என்று கீழேயிருந்து வந்தவர்கள். அரிசி கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற அந்தப் பெண்களுக்குக் கை வராது. மாடு இருக்கிற வீட்டு வாசலில் ஒரு பானை இருக்கும், அக்கம்பக்கத்தார் கழுநீரை அதில் ஊற்றிவிட்டுப் போவார்கள், அதுதான் வழக்கம். அந்த வரிசையில் மாடு வைத்திருந்தவர் யாருமில்லை. மாட்டோடு புழங்குகிறவள் சாந்தாமணி ஒருத்திதான் என்பதால் பானை அவள் வாசலில் வந்து உட்கார்ந்தது.

மூன்றாவது வருஷப் பனியில் புல் கருகிப்போனது. மலைப்புல் பசுக்களில் காதுவில்லையில் பதினாலாம் எண் போட்டது, விலா எலும்பு தெரிய, வேலிக் கம்பியை நக்கிக்கொண்டு நின்றது. சாந்தாமணி கழுநீரை வாளியில் கொண்டுபோய் வைத்தாள். கழுநீர் தீனியில் சேருமா? அந்த வரிசையில் எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சேராது என்பாள்.

அடுத்த வாரம் வாளியில் ஒரு கை தவிடு விழுந்தது. அது தீனிதான், அது அவளுக்கும் தெரியும். ஒரு கை இரண்டு படியானது. ஒரு மாடு நான்கானது. கிடங்குச் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. தவிட்டை எடுத்தது தீனி தின்கிற பசுக்களின் மூட்டையிலிருந்து. அந்தப் பக்கம் குறைந்தது, இந்தப் பக்கம் கூடியது. ஒவ்வொரு பனிக்காலமும், எட்டு வருஷம்.

பதிவேட்டில் ஓர் எண்ணைக்கூட அவள் பொய்யாக எழுதவில்லை. எடைமேடை காட்டியதை அப்படியே எழுதினாள். அதில் அவளுக்குப் பெருமை வேறு.

பத்து வருஷ முடிவு வந்தபோது ஸ்ரீமதிக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மலைப்புல் மாடு பனியில் முப்பது கிலோ இளைக்கும், மார்ச் மழைக்குத் தேறிவிடும். பிக்கட்டி கிராமத்தில் விவசாயிகளைக் கூட்டி, தீவனத்துக்கு ஒதுக்கிய நிலத்தில் இனிக் காய்கறி போடலாம் என்று அறிவித்தார்கள். மேடையில் ஸ்ரீமதி சாந்தாமணியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்தப் பதிவேட்டுல இருக்கிறது எல்லாம் இவங்க எழுதினது. பத்து வருஷத்துல ஒரு நாள் தவறினது கிடையாது. இவங்களை நம்பித்தான் நான் உங்களை நம்பச் சொல்றேன்."

கைதட்டலில் பலமாகத் தட்டியது மஞ்சு. பிக்கட்டியில்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. புருஷன் முகேஷ் ஜீப் ஓட்டுகிறான். மூன்று பசுவும் அரை ஏக்கர் தீவனப்புல்லும் மஞ்சுவின் பொறுப்பு. கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டாள்.

"அம்மா, புல்லை அழிச்சுட்டு கேரட் போட்டுறலாமுங்களா? நம்பலாமா?"

சாந்தாமணியை நிரந்தரமாக்கச் சொல்லி ஸ்ரீமதி எழுதிய கடிதம் அந்த வாரம்தான் மேலே போயிருந்தது. இப்போது வாயைத் திறந்தால் கடிதமும் போகும், மேடையில் பிடித்த கையும் போகும்.

"எளுதுனது நாந்தான கண்ணு" என்றாள்.

பொய் இல்லை பாருங்கள். சாந்தாமணி பொய்யே சொல்ல மாட்டாள்.

மலைப்புல் முறைக்கு மாறச் சம்மதித்துப் போட்ட முதல் கையெழுத்து மஞ்சுவினுடையது. சாந்தாமணி மகள் போட்டதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் போட்டார்கள். இரண்டு பனிக்காலம் லேசாகக் கழிந்தது. சாந்தாமணிக்கு நிரந்தர உத்தரவும் வந்தது. வரிசை வீடுகளுக்கு ஜிலேபி கொடுத்தாள். பண்ணையில் எட்டுப் பசுக்களின் கணக்கும் பழையபடியே தொடர்ந்தது, வாளியும்தான்.

மூன்றாவது வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றியது. மார்கழி தொடங்கி நாற்பது நாள் பனி கொட்டி, மலை முழுக்கப் புல் வெந்து கிடந்தது. சாந்தாமணி இருப்புக்கொள்ளாமல் ஒரு மூட்டைத் தவிடும் புண்ணாக்கும் வாங்கி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பிக்கட்டிக்குப் போனாள். கொட்டகையில் மூன்று மாடும் எலும்பும் தோலுமாக நின்றன. நடு மாடு ஏழு மாதச் சினை.

மஞ்சு மூட்டையைப் பார்த்தாள்.

"இது எதுக்குங்கம்மா?"

"போடு அம்மிணி. பாத்தா மனசு பதறுது."

"இவரும் வைக்கோல் வாங்கறேன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. வேண்டாம்னுட்டேன்." பண்ணையில் கொடுத்து, சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையை மஞ்சு காட்டினாள். "முப்பது கிலோ இளைக்கும்னு போட்டிருக்கு, இப்ப இருபத்தெட்டு. மார்ச்சுல தேறிருமில்லீங்க? நடுவுல தீனி போட்டா கணக்கே கெட்டுப்போகும்னு மேடம் சொன்னாங்க. என்னைப் பாத்துத்தான் பத்துப் பேரு நிக்கறாங்க. நீங்க பத்து வருசம் மனசைக் கல்லாக்கிட்டுப் பாத்துட்டு நின்னீங்களே, நீங்க போட்டிருப்பீங்களா?"

இதற்குப் பதில் இரண்டே வார்த்தைதான். போட்டேன் கண்ணு. சொல்லியிருந்தால் அந்த மாடுகள் அன்று சாயங்காலமே தவிடு குடித்திருக்கும்.

வேலை போய்விடும் என்று பயந்தாளா? கொஞ்சம். அதைவிட, மகள் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பார்வை. அப்படி அவளை யாரும் பார்த்ததில்லை, கட்டிய புருஷன்கூட. அதைத் தன் கையாலேயே அழிக்க அவளுக்கு மனசு வரவில்லை. மூட்டையை மறுபடி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாள். திரும்பி வந்த அந்தத் தவிட்டைப் பதினாலாம் எண்ணும் அதன் கூட்டாளிகளும் குடித்துத் தீர்த்தன.

பிப்ரவரி ஏழாம் தேதி சினை மாடு படுத்தது, எழவில்லை. கன்று வயிற்றிலேயே போயிற்று. அடுத்த வாரம் இரண்டாவது. பதினோரு வீடுகளிலுமாக மொத்தம் பதினேழு மாடு.

ஸ்ரீமதி தூக்கமில்லாத முகத்தோடு ஜீப்பில் ஏறினாள். கூட சாந்தாமணி, மடியில் பதிவேடு. மஞ்சுவின் கொட்டகைக்குப் பின்னால் இரண்டாவது மாடு இன்னும் புதைக்காமல் கிடந்தது. சாந்தாமணி எடை கணக்கிடும் டேப்பை அதன் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து அளந்தாள், எழுதினாள். ஸ்ரீமதி அந்த எண்ணைப் பதிவேட்டின் முந்தைய பக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"அதே பனி, அதே புல். நம்ம பண்ணையில ஒரு மாடுகூட விழலையே, சாந்தாமணிம்மா. அப்ப தப்பு முறையில இல்லை. காட்டை மாத்தி மாத்தி விடறதுல எங்கேயோ கோட்டை விட்டிருக்காங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க பொண்ணுன்னு எனக்குத் தெரியும். ஆனா காரணம்னு இருக்கிற இடத்துல பராமரிப்புக் குறைவுன்னுதான் எழுதணும்."

சாந்தாமணி எழுதினாள். எழுத்து அப்போதும் அச்சடித்த மாதிரிதான் இருந்தது.

ஸ்ரீமதி ஜீப்புக்குப் போனதும் மஞ்சு பக்கத்தில் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அட்டவணையைச் சுவரிலிருந்து கிழிக்காமல் பக்குவமாக எடுத்துக் கையில் வைத்திருந்தாள்.

"ஒவ்வொரு நாளும் இதுல போட்டிருக்கிற மாதிரியேதான் செஞ்சேன். நான் எங்கீங்கம்மா தப்பு உட்டேன்? நீங்க சொன்னா ஒத்துக்கறேன்."

சாந்தாமணி மகளின் முகத்தைப் பார்க்காமல் டேப்பைச் சுருட்டினாள்.

"ரெண்டு நாள் முன்னயே காட்டை மாத்தி உட்டிருக்கணும் அம்மிணி. அசந்துட்ட."

மஞ்சு விரல் விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"ஆமாங்கம்மா. பொங்கலுக்கு ரெண்டு நாள் அசந்துட்டேன். நாந்தான் கொன்னுட்டேன்."

ஜீப் ஹாரன் அடித்தது. சாந்தாமணி பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய் ஏறினாள்.

மறுநாள் காலை வாசல் பானை நிரம்பியிருந்தது. கழுநீரை வாளியில் மொண்டாள். இரண்டு படி தவிடு போட்டுக் கையை விட்டுக் கலக்கினாள். பதினாலாம் எண் அவள் வருகிற நேரம் தெரிந்து வேலியோரம் காத்து நின்றது. அது குடித்து முடிக்கும்வரை கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். பிறகு எடைமேடையில் ஏற்றி, முள் காட்டியதை ஒரு கிலோ கூட்டாமல் குறைக்காமல் பதிவேட்டில் எழுதினாள்.